சாட்ஸ்வர்த்தின் எம்.எல்.ஏ. யார்? டர்பன் நகரத்து மாகாண உறுப்பினரின் அரசியல் வாழ்க்கை

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "டர்பனில் தமிழர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த் பகுதியின் எம்.எல்.ஏ. யார்? அங்கே ஒருவர் அந்தப் பதவிக்கு எப்படி வருகிறார், வந்தபின் என்ன செய்கிறார், எவ்வளவு காலம் நீடிக்கிறார்?" முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: அப்படி ஒருவர் இல்லை. சாட்ஸ்வர்த்துக்கும் இல்லை, இந்தியர்கள் மிகுந்து வாழும் மற்ற பகுதிகளான ஃபீனிக்ஸுக்கும் டொங்காட்டுக்கும் இல்லை. டர்பன் அமைந்துள்ள தென்னாப்பிரிக்க மாகாணமான குவாசூலு-நேட்டாலின் சட்டமன்றத்தில் உள்ள 80 உறுப்பினர்களும் மாகாணம் முழுவதற்கும் பொதுவானவர்கள். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும். தமிழ்நாட்டுக் கண்ணோடு மட்டும் பார்த்தால், இங்குள்ள அரசியல்வாதி தம் தெருக்காரர்களைவிடத் தம் கட்சித் தலைமைக்கு ஏன் அதிகம் அஞ்சுகிறார் என்பது விளங்காது.

தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 105ஆம் பிரிவு, மாகாணச் சட்டமன்றங்களில் 30 முதல் 80 உறுப்பினர்கள் வரை இருக்கலாம் என்றும், அவர்கள் விகிதாசார முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. வாக்காளர் மாகாண வாக்குச் சீட்டில் கட்சிக்குக் குறியிடுகிறார். ஒவ்வொரு கட்சியும் தேர்தலுக்கு முன்பே வரிசைப்படுத்திய பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்திருக்கும். கட்சிக்கு 11 இடங்கள் கிடைத்தால் பட்டியலின் முதல் 11 பேர் உறுப்பினர் ஆவார்கள். பன்னிரண்டாம் பெயருக்கு உரியவர் எவ்வளவு பெரிய மக்கள் தொண்டராக இருந்தாலும், மேலே உள்ள ஒருவர் விலகும் வரையிலோ இறக்கும் வரையிலோ காத்திருக்க வேண்டியதுதான். இடம் காலியானால் இடைத்தேர்தல் கிடையாது, பட்டியலில் இருந்தே நிரப்பப்படும். கட்சியை விட்டு நீங்கியவர், அல்லது கட்சியால் நீக்கப்பட்டவர், உறுப்பினர் பதவியையும் இழக்கிறார். 2003 முதல் சில ஆண்டுகள் குறிப்பிட்ட காலங்களில் மட்டும் கட்சி தாவுவதற்குச் சட்டம் இடம் கொடுத்தது. அதற்குத் தாவுவோர் தங்கள் கட்சி உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினராவது இருக்க வேண்டும். ஒற்றை உறுப்பினரைக் கொண்ட கட்சிக்கு இந்த நிபந்தனை நிபந்தனையே இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2009இல் அந்த வாய்ப்பும் நீக்கப்பட்டது.

ஆகவே ஒருவரின் சட்டமன்ற வாழ்க்கை வாக்குச்சாவடியில் தொடங்குவதில்லை. பட்டியல் தயாராகும் அறையில் தொடங்குகிறது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸில் கிளைகள் பெயர்களை முன்மொழிய, மாகாண மாநாடு அவற்றை வரிசைப்படுத்தும். ஜனநாயகக் கூட்டணி என்ற கட்சியில் விண்ணப்பம், நேர்காணல், தேர்வுக்குழு என்று ஏறக்குறைய வேலைக்கு ஆள் எடுப்பதுபோல் நடக்கும். சிறிய கட்சிகளில் தலைவர் நினைப்பதே வரிசை. சாட்ஸ்வர்த்திலிருந்து இந்த அறைகளுக்குள் நுழைந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுவரி செலுத்துவோர் சங்கங்கள், குடியிருப்போர் அமைப்புகள், கோயில் நிர்வாகக் குழுக்கள், கால்பந்துக் கழகங்கள், ஆசிரியர் சங்கங்கள் ஆகியவற்றில் பழகி வந்தவர்களே. இவற்றுள் கோயில் செல்வாக்கின் மதிப்பை வெளியில் இருப்பவர்கள் மிகையாகக் கணிக்கிறார்கள் என்பது என் எண்ணம். காவடித் திருவிழாவில் மேடையேறிப் பேசுபவருக்குக் கூட்டம் கிடைக்கும். ஆனால் பட்டியலில் நாற்பதாம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு ஏற அந்தக் கூட்டம் உதவுவதில்லை. நகராட்சிக் கவுன்சிலராக இருந்து வருவதே உறுதியான வழி. டர்பனை உள்ளடக்கிய எத்தெக்வினி மாநகரத்தில் 111 வட்டங்கள் உள்ளன. அங்கே வட்டத்துக்கு ஒருவர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார், இடைத்தேர்தலும் உண்டு. அந்த ஒரு களத்தில் மட்டும்தான் ஒருவர் தம் பெயருக்கு எத்தனை வாக்கு விழும் என்று கட்சிக்குக் காட்ட முடியும். ஆனால் கவுன்சிலர் பதவியையும் சட்டமன்றப் பதவியையும் ஒரே நேரத்தில் வகிக்க முடியாது.

இந்த முறைக்குள்ளும் தமக்கென்று ஒரு தொகுதியை உருவாக்கிக்கொண்டவர் ஒருவர் உண்டு. அவர் கதையைச் சொல்லாமல் சாட்ஸ்வர்த்தின் சட்டமன்ற அரசியலை விளக்க முடியாது. அவர் அமிச்சந்த் ராஜ்பன்சி. தமிழர் அல்லர்; ஆனால் அவருக்கு வாக்களித்தவர்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்.

அவர் வந்த பின்னணியைச் சற்றே விளக்க வேண்டும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி நேட்டாலில் குடியேறிய இந்தியர்களிடமிருந்து நாடாளுமன்ற வாக்குரிமை 1896இலும் நகராட்சி வாக்குரிமை 1924இலும் பறிக்கப்பட்டன. 1946இல் பிரதமர் ஸ்மட்ஸின் அரசு, நில உரிமையைக் கட்டுப்படுத்திய அதே சட்டத்தில், வெள்ளையர்களையே பிரதிநிதிகளாகக் கொண்ட ஓர் ஒப்புக்கான பிரதிநிதித்துவத்தையும் சேர்த்துக் கொடுத்தது; டாக்டர் மான்ட்டி நாயக்கர் தலைமையிலான நேட்டால் இந்தியக் காங்கிரஸ் அதை ஏற்க மறுத்துச் சத்தியாகிரகத்தில் இறங்கியது. அதன் பிறகு இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் டர்பனின் பல பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட இந்தியர்களுக்காக 1960களில் எழுப்பப்பட்ட நகரமே சாட்ஸ்வர்த். சட்டமன்ற உறுப்பினர் என்ற ஒருவரையே கண்டிராத மக்களைக் கொண்டு அரசு கட்டிய ஊர் அது.

1968இல் நியமன உறுப்பினர்களோடு, அரசுக்கு ஆலோசனை கூறும் அமைப்பாகத் தொடங்கிய தென்னாப்பிரிக்க இந்தியர் மன்றத்துக்கு 1981இல் தேர்தல் நடந்தபோது, புறக்கணிப்பு இயக்கத்தின் விளைவாகப் பத்தில் ஒருவர் அளவுக்கே வாக்களித்தார்கள். 1984 ஆகஸ்டில், வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகியோருக்குத் தனித்தனி அவை கொண்ட மூவவை நாடாளுமன்றத்தின் இந்தியர் அவைக்கு நடந்த தேர்தலிலும் ஐந்தில் ஒருவர் அளவுக்கே வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட 40 இடங்களில் ராஜ்பன்சியின் தேசிய மக்கள் கட்சி 18 இடங்களையும் ஜே.என். ரெட்டியின் சாலிடாரிட்டி கட்சி 17 இடங்களையும் பெற்றன. சாட்ஸ்வர்த்தின் அரீனா பார்க் தொகுதியிலிருந்து வந்த ராஜ்பன்சி அமைச்சர் குழுவின் தலைவரானார். இந்தியர்களின் பள்ளிகள், வீட்டுவசதி, சமூக நலம் ஆகியவை அந்த அவையின் கையில் இருந்ததால், ஒரு வீட்டு ஒதுக்கீட்டுக்கும் ஓர் ஆசிரியர் மாற்றலுக்கும் அவரைத் தேடி மக்கள் வரிசையில் நின்றார்கள். நேட்டால் இந்தியக் காங்கிரஸ் மரபினர் அவரை நிறவெறி அரசின் கைப்பாவை என்று ஏசினார்கள்; அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. 1980களின் இறுதியில் நீதிபதி ஜேம்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் அவருடைய நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியதும் அவர் பதவியை இழந்தார். எந்த நாட்டிலும் அரசியல் வாழ்க்கை அங்கேயே முடிந்திருக்கும்.

முடியவில்லை. 1994இல் மைனாரிட்டி ஃப்ரண்ட் என்ற கட்சியோடு வந்து, 81 இடங்கள் கொண்டிருந்த முதல் குவாசூலு-நேட்டால் சட்டமன்றத்தில் ஓர் இடத்தைப் பிடித்தார். 2011 டிசம்பர் 29 அன்று இறக்கும் வரை அந்த மன்றத்தில் இருந்தார். விகிதாசாரக் கணக்கின் நுட்பத்தை டர்பனில் அவரைப்போல் புரிந்துகொண்டவர் வேறு எவரும் இல்லை. 80 இடங்களுள் ஓர் இடத்துக்கு மாகாணத்தில் பதிவான செல்லும் வாக்குகளில் ஏறத்தாழ 1.2 விழுக்காடு போதும். அண்மைத் தேர்தல்களின் கணக்கில் அது 40,000 வாக்குகளுக்குச் சற்று மேல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாட்ஸ்வர்த்தில் ஏறத்தாழ 1,96,000 பேரும் ஃபீனிக்ஸில் ஏறத்தாழ 1,77,000 பேரும் இருந்தார்கள். அதாவது இந்த இரண்டு நகர்ப்பகுதிகளில் ஒரு பகுதியினர் மட்டும் ஒரே கட்சிக்கு வாக்களித்தாலே, சட்டத்தில் இல்லாத தொகுதி ஒன்று நடைமுறையில் உருவாகிவிடுகிறது. பெரிய கட்சிகளின் வேட்பாளர் மாகாணத் தலைமையின் தயவை நாடிக்கொண்டிருந்த காலத்தில், இவர் சொந்தப் பட்டியலின் தலையில் தம் பெயரை எழுதிக்கொண்டு சாட்ஸ்வர்த்தில் வீடு வீடாகச் சென்றார்.

ஓர் இடத்தின் விலையும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1999இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் நாடாளுமன்றத்தின் 400 இடங்களில் 266ஐ வென்று, மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மைக்கு ஓர் இடம் குறைவாக நின்றபோது, மைனாரிட்டி ஃப்ரண்டின் ஒற்றை உறுப்பினரோடு செய்துகொண்ட உடன்பாடு அந்தக் குறையை நிரப்பியது. 2004இல் மாகாணத்தில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 38, இன்கத்தா சுதந்திரக் கட்சி 30, மைனாரிட்டி ஃப்ரண்ட் 2 என்று முடிவு வந்தது. ராஜ்பன்சி விளையாட்டு, பொழுதுபோக்குத் துறையின் மாகாண அமைச்சரானார். இங்கே அப்பதவியை எல்லாரும் எம்.இ.சி. என்றே சொல்வார்கள். நிறவெறி அவையில் அமைச்சராக இருந்தவர் விடுதலைக்குப் போராடிய கட்சியின் அரசிலும் அமைச்சரானதை இன்றும் சிலர் வெட்கக்கேடு என்பார்கள், வேறு சிலர் சாமர்த்தியம் என்பார்கள். இரண்டு சொல்லும் பொருந்தும் என்பது என் கருத்து.

அந்த வாழ்க்கை அவரோடு முடிந்துபோனதுதான் கவனிக்கத்தக்கது. அவர் மனைவி ஷமீன் தாக்கூர்-ராஜ்பன்சி தலைமையை ஏற்றார். தலைமைச் சண்டை நீதிமன்றம் வரை போயிற்று. 2009இல் இரண்டாக இருந்த மாகாண இடங்கள் 2014இலும் 2019இலும் ஒன்றாகக் குறைந்து 2024இல் இல்லாமலே போயின. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் வாக்குகள் பெரும்பாலும் ஜனநாயகக் கூட்டணியின் பக்கம் சென்றுவிட்டன. இதில் ஒரு விதி விளையாட்டும் உண்டு. 2024இல் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமாவின் எம்.கே. கட்சி 37, இன்கத்தா 15, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 14, ஜனநாயகக் கூட்டணி 11, பொருளாதார விடுதலைப் போராளிகள் 2, தேசிய விடுதலைக் கட்சி 1 என்று மன்றம் அமைந்தது. இன்கத்தாவின் தாமி ந்டூலியை முதல்வராக்கிய கூட்டணி அப்போது 41க்கு 39 என்ற கணக்கில் நின்றது, அந்தத் தேசிய விடுதலைக் கட்சியின் ஒற்றை உறுப்பினரையும் சேர்த்துத்தான். அவருக்கு அமைச்சர் பதவியும் கிடைத்தது. ராஜ்பன்சி வாழ்நாள் முழுவதும் காத்திருந்திருக்கக்கூடிய மன்றம் அது. அதில் அவர் கட்சிக்கு இருக்கையே இல்லை.

இனி, உள்ளே நுழைந்த சாதாரண உறுப்பினர், அதாவது எம்.பி.எல்., என்ன செய்கிறார் என்பதைப் பார்ப்போம். மன்றம் டர்பனில் இல்லை. என்3 நெடுஞ்சாலையில் சுமார் 80 கிலோமீட்டர் உள்ளே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. வாரத்தில் சில நாள் குழுக்கூட்டம், கட்சிக்கூட்டம், அவை; மற்ற நாள்களில் கட்சி அவருக்கு ஒதுக்கிய பகுதியில் உள்ள அலுவலகம். இந்த ஒதுக்கீடு கட்சியின் உள்ஏற்பாடு மட்டுமே. ஜனநாயகக் கூட்டணிக்காரர் ஒருவரும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்காரர் ஒருவரும் ஒரே சாட்ஸ்வர்த்துக்குத் தாங்களே பொறுப்பு என்று பலகை மாட்டியிருக்கலாம். இரண்டுமே சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது.

அந்த அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் பெரும்பங்கு மாகாணத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருப்பதில்லை என்பதே இந்தப் பதவியின் அன்றாடத் தொல்லை. குடிநீர், மின்சார விநியோகம், குப்பை, வீட்டுவரி ஆகியவை மாநகராட்சியைச் சேர்ந்தவை. காவல்துறை தேசிய அமைச்சரின் கீழ் உள்ளது. மாகாணத்துக்குக் கண்காணிக்கும் உரிமை மட்டுமே உண்டு. மாகாணத்தின் கையில் இருப்பவை பள்ளிகள், மருத்துவமனைகள், மாகாணச் சாலைகள், சமூக நலம், வீட்டுவசதியில் ஒரு பங்கு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்து, டொங்காட்டின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, அவ்வூர் மக்கள் பல மாதங்கள் தண்ணீர் லாரிகளை எதிர்பார்த்துக் கிடந்தபோது, மாகாண உறுப்பினர்களை நோக்கித்தான் கோபம் பாய்ந்தது. அவர்களால் செய்ய முடிந்ததோ, மாநகராட்சியை மேற்பார்வை செய்யும் மாகாண அமைச்சரிடம் கேள்வி கேட்பதும், பேரிடர் நிதி எங்கே போயிற்று என்று குழுவில் கணக்குக் கேட்பதும்தான். "இது என் துறை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடும் உறுப்பினரை மக்கள் மறப்பதில்லை. மனுவை வாங்கி, உரிய கவுன்சிலருக்குக் கடிதம் எழுதி, நகலை மனுதாரர் கையில் கொடுப்பவர், வேலை நடக்காவிட்டாலும் நல்ல பெயர் வாங்கிவிடுகிறார்.

மாகாணத்தின் கையில் உண்மையில் இருப்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சாட்ஸ்வர்த்தின் ஆர்.கே. கான் மருத்துவமனை. 1969இல் திறக்கப்பட்ட இதன் செவிலியர் நியமனமும், மருந்து இருப்பும், லிஃப்ட் பழுதும் மாகாணச் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவை. மாகாணத்தின் சொந்த வருவாய், வாகன உரிமம், சூதாட்ட வரி போன்ற சிலவற்றோடு நின்றுவிடுகிறது. மற்றதெல்லாம் தேசியக் கருவூலத்திலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதியைக் கல்வியும் சுகாதாரமும் விழுங்கிவிடுகின்றன. புதிதாகப் பணம் திரட்டும் வலிமை உறுப்பினருக்கு இல்லை. வந்த பணம் எங்கே செலவாயிற்று என்று கேட்கும் வலிமை உண்டு. அந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை தரும் கடமை எம்.இ.சி.க்கு உண்டு.

அது வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு சான்று. கவுட்டெங் மாகாணச் சுகாதாரத் துறை லைஃப் எசிடிமெனி நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்தை முறித்து, மனநல நோயாளிகளைத் தகுதியற்ற தொண்டு அமைப்புகளிடம் மாற்றியது. 1994 முதல் அந்த மாகாண மன்றத்தில் இருந்த எதிர்க்கட்சி உறுப்பினர் ஜாக் ப்ளூம் கேட்ட கேள்விக்கு 2016 செப்டம்பரில் கிடைத்த விடையில்தான், 36 பேர் இறந்துவிட்டதாக எம்.இ.சி. ஒப்புக்கொண்டார். 2017 பிப்ரவரியில் சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மக்கோபாவின் அறிக்கை வந்த நேரத்தில் அந்த எம்.இ.சி. பதவி விலகினார், முன்னாள் துணைத் தலைமை நீதிபதி மொசெனெக்கே நடத்திய தீர்ப்பாய விசாரணையின் முடிவில் இறந்தோர் எண்ணிக்கை 144 என்று நிலைபெற்றது. ஆட்சியில் ஒருநாளும் அமராமல், ஒரே துறையைப் பிடித்துக்கொண்டு பல்லாண்டு கேள்வி கேட்பதும் ஒரு முழுமையான சட்டமன்ற வாழ்க்கைதான் என்பதற்கு ப்ளூமைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இந்த மாகாணத்தில் ஆர்.கே. கானுக்கும் ஃபீனிக்ஸின் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனைக்கும் அப்படி ஒருவர் தொடர்ந்து கிடைத்திருந்தால் எவ்வளவோ மாறியிருக்கும். நம் உறுப்பினர்களோ ஒரு தேர்தல் காலம் சுகாதாரக் குழுவில், அடுத்தது போக்குவரத்தில், அதற்கடுத்தது நாடாளுமன்றத்தில் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

தமிழ் குறித்தும் கேட்பீர்கள் என்பதால் ஒரு சொல். அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்துப் போற்றப்பட வேண்டிய சமூக மொழிகளுள் தமிழையும் தெலுங்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படுமா என்பதை 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டப்படி அப்பள்ளியின் நிர்வாகக் குழுவே முதலில் தீர்மானிக்க வேண்டும். ஆசிரியர் பணியிடத்தை மாகாணக் கல்வித் துறை தருகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வகுப்பு நடக்காது. மேடையில் தமிழை வாழ்த்தும் உறுப்பினரிடம், பணியிடங்களைப் பற்றி எத்தனை முறை எழுத்தில் கேள்வி கேட்டார் என்று விசாரித்துப் பாருங்கள்.

பதவி உயர்வுக்கு வழிகள் சில. முதல்வர் ஐந்து முதல் பத்து எம்.இ.சி.க்களை உறுப்பினர்களிலிருந்து நியமிக்கிறார். மாகாணத்தின் சார்பில் நாடாளுமன்றத்தின் இரண்டாம் அவையாகக் கேப்டவுனில் உள்ள மாகாணங்களின் தேசிய மன்றத்துக்கு நிரந்தரப் பேராளர்களாக அறுவர் செல்கிறார்கள். அவைத் தலைவர், குழுத் தலைவர், கொறடா பதவிகளும் உண்டு. ஊதியத்தின் உச்சவரம்பை, சுயேச்சையான ஆணையம் ஒன்றின் பரிந்துரையைப் பெற்றுக் குடியரசுத் தலைவர் அறிவிக்கிறார். வழக்கறிஞராகவோ மருத்துவராகவோ நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவருக்கு அது இறக்கம். ஆசிரியராகவோ தொழிற்சங்க அலுவலராகவோ இருந்தவருக்குப் பெரிய ஏற்றம். ஏற்றம் பெற்றவர்தான் பட்டியலில் இடம் போய்விடுமோ என்று அதிகம் பயப்படுவார், கட்சிக்கூட்டத்தில் வாயைத் திறக்கமாட்டார். ஐந்தாண்டு முடிவில் பட்டியல் புதிதாக எழுதப்படும்போது எந்தக் காரணமும் சொல்லப்படாமல் பெயர் கீழே இறங்குவதே இங்கே பெரும்பாலான சட்டமன்ற வாழ்க்கைகளின் முடிவு. வாக்காளர் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியவர்கள் மிகக் குறைவு.

கட்சியே வேண்டாம், தனியாக நிற்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். 2020 ஜூனில் அரசியல் சட்ட நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் பின், 2023இல் திருத்தப்பட்ட தேர்தல் சட்டம் அதற்கு வழி திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு, தேவையான ஆதரவுக் கையொப்பங்களை 1,000 ஆகக் குறைத்தது. ஆனால் சுயேச்சை வேட்பாளர் மாகாணம் முழுவதும் உள்ள கட்சிகளோடு அதே 40,000 வாக்குகளுக்குப் போட்டியிட வேண்டும். அதைவிட இரண்டு மடங்கு பெற்றாலும் அவருக்கு ஓர் இடம்தான், மிஞ்சியவை வீண். 2024இல் நாட்டின் எந்த மாகாண மன்றத்துக்கும் ஒரு சுயேச்சைகூடத் தேர்வாகவில்லை. சாட்ஸ்வர்த்தில் செல்வாக்குள்ள ஒருவர் இன்று இந்தத் துறையில் இறங்க விரும்பினால், முதலில் ஒரு வட்டத்தில் கவுன்சிலராக வென்று காட்டுமாறுதான் நான் சொல்வேன். அங்கே சுயேச்சைகள் வென்றிருக்கிறார்கள், அங்கே வாக்குச் சீட்டில் வேட்பாளரின் பெயரும் இருக்கும்.